வைகாசி மழைக்கு மறுநாள்: ஒரு கொல்லைக் குளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு தென்னை, அதற்கும் அப்பால் ஒரு குளம். முதலில் அது வீடு கட்ட மண் எடுத்த பள்ளம். வீட்டுப் பெரியவர் பணி ஓய்வு பெற்ற பிறகு அதைச் சதுரமாக வெட்டிக் கரை கட்டினார். நீர்ப்பரப்பு 4 சென்ட், அதாவது ஏறக்குறைய 160 சதுர மீட்டர். நிறைந்து நிற்கும்போது நடுவில் 5 அடி ஆழம். அடி முழுக்கக் களிமண் என்பதால் தண்ணீர் அதிகம் கசியாது.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் எங்கள் பக்கத்து வாய்க்கால் நிறைய ஆடி பிறந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் குளத்தை நிரப்பினார்கள். ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை வகைகளும் கலந்து 400 விரலிக் குஞ்சுகள் விட்டார்கள். குஞ்சு கொடுத்தவர், "போட்டு வைங்க, எப்படியும் பாதிதான் பிழைக்கும்" என்று சொன்னாராம். காற்றூட்டும் கருவி இல்லாத சிறு குளத்தில் சென்ட்டுக்கு 20 முதல் 30 குஞ்சு விடுவது சரி, நல்ல கவனிப்பு இருந்தால் 40 வரை போகலாம். இங்கே விழுந்தது சென்ட்டுக்கு 100.

நான் அதே ஊரில் 14 ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். அந்த வீட்டம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அடுத்தவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

ஐப்பசி முதல் தை வரை

முதல் இரண்டு மாதம் சிக்கலே இல்லை. காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்து ஊறவைத்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீன் வந்து முட்டி முட்டித் தின்றது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. கரையைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டியிருந்ததால், குளம் தளும்பியும் மீன் வெளியே போகவில்லை. ஆனால் கொட்டகைப் பக்கத்து வாட்டம் குளத்தை நோக்கி இருந்தது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் சாணியும் மூத்திரமும் கலந்த தண்ணீர் ஒரு சிறு ஓடை போலக் குளத்தில் இறங்கியது. 'எருதானே, பாசி பிடிக்கும், மீனுக்கு நல்லது' என்று வீட்டில் நினைத்தார்கள். குளத்துக்குச் சாணி போடுவது வழக்கம்தான். அளவோடு போட்டால் மிதவை உயிரிகள் பெருகும், மீனுக்கு அது உணவு. அளவில்லாமல் மழை கொண்டுவந்து கொட்டுவது வேறு. அது அப்போது அடியில் தங்கியது, வினை வைகாசியில் தெரிந்தது.

மார்கழி நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். வாய்க்கால் தண்ணீரோடு குஞ்சாக உள்ளே வந்து வளர்ந்திருந்த நான்கைந்து விரால்கள் கரையோரம் சோர்ந்து நின்றன. ஒன்றைக் கைவலையில் எடுத்துப் பார்த்தேன். வாலுக்குச் சற்று மேலே ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்த புண், செதில் உதிர்ந்து சதை தெரிந்தது. சில மிர்கால்களின் வயிற்றுப் பக்கத்திலும் சிவப்புத் திட்டுகள் இருந்தன.

மழை ஓய்ந்து குளிர் இறங்கும் நாட்களில் வரும் புண் நோய் என்று எடுத்துக்கொண்டேன். அபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்ற பூஞ்சை வகை உயிரி உண்டாக்கும் இந்த நோய் 1988 முதல் இந்தியாவில் இருக்கிறது. விராலும் கெளுத்தியும்தான் முதலில் அகப்படும். மழைநீர் சேர்ந்து குளத்தின் காரத்தன்மை குறைவதும், தண்ணீர் குளிர்வதும் அதற்குத் தோதாகிவிடும்.

புண்பட்ட விரால்களை எடுத்துச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். சென்ட்டுக்கு ஒரு கிலோ கணக்கில் 4 கிலோ சுண்ணாம்பை முந்தின இரவே ஊறவைத்து, ஆறிய பிறகு காலையில் குளம் முழுக்கத் தெளித்தோம். தீனியைப் பாதியாகக் குறைத்தோம். பத்து நாள் கழித்து அதே அளவு சுண்ணாம்பு இன்னொரு முறை. மொத்தம் 22 மீன் செத்தது. தை பிறந்து வெயில் ஏற ஏறப் புண்கள் ஆறின.

இந்தச் சிகிச்சை பலித்ததில் ஒரு வினையும் இருந்தது. மீனுக்கு எது வந்தாலும் சுண்ணாம்பு போதும் என்ற நம்பிக்கை அந்த வீட்டில் ஊன்றிவிட்டது. ஏன் போட்டோம், எந்த நிலையில் போடக் கூடாது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

மாசியும் சித்திரையும்

மாசியில் மீன்கள் 200, 250 கிராம் இருந்தன. வெயில் வருமுன் பாதியைப் பிடித்துவிடச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் தம்பி, ஆனியில பேத்திக்குக் காது குத்து வச்சிருக்கோம்" என்றார் பெரியவர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சரி என்று வந்துவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் இன்னொரு முறை போனேன். பிற்பகல் மூன்று மணி. தண்ணீர் 5 அடியிலிருந்து இரண்டரை அடிக்கு இறங்கியிருந்தது. கோடையில் ஆவியாகியே மாதத்துக்கு அரை அடிக்கு மேல் போகும். தென்னைக்கும் அதே குளத்திலிருந்து இறைத்திருந்தார்கள். மிச்சமிருந்த தண்ணீர் கெட்டிப் பச்சையாக நின்றது. மீன் வளர்ப்பவர்கள் பாசியின் அளவைக் கையாலேயே பார்ப்போம். முழங்கை வரை தண்ணீரில் விடும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்து மறைந்தால் அளவு சரி. இங்கே மணிக்கட்டு நனையும்போதே விரல்கள் மறைந்துவிட்டன. தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டியில் பார்த்தபோது கார அமில எண் (pH) 9, அதாவது காரம் அதிகம்.

மீன்களோ துள்ளி விளையாடின. தீனிச் சாக்கை ஆட்டியதும் குளமே கலங்கியது. ஒரு நாளைக்கு 3 கிலோ தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். 400 மீன் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. உண்மையில் 300-க்கும் குறைவாகவே இருந்தன என்பது பிறகு எண்ணியபோதுதான் தெரிந்தது. மீதித் தீனி அடியில் அழுகிக்கொண்டிருந்தது.

"தீனியைக் குறைங்க பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இந்த நிகழ்வில் நான் செய்த முதன்மையான தவறு இதுதான். இவ்வளவு பச்சையாக நிற்கும் குளத்தைப் பிற்பகலில் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வரவே கூடாது. பகலில் பாசி உயிர்வளியை (ஆக்சிஜனை) வாரி வழங்கும். இரவில் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு மூச்சு விடும். மூன்று மணிக்குப் பொங்கி வழியும் உயிர்வளி விடிகாலை நாலரைக்குத் தரை தட்டியிருக்கும். நான் பார்த்தது குளத்தின் நல்ல முகத்தை மட்டுந்தான்.

அந்த விடிகாலை

வைகாசி முதல் வாரம், கத்திரி வெயில் முடியாத நேரம். மூன்று நாள் வானம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் மாலை இடியோடு ஒன்றரை மணி நேரம் கோடைமழை கொட்டியது. குளத்தில் கையளவு தண்ணீர் ஏறியது. குளம் பிழைத்தது என்று வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

மறுநாள் நாலரைக்குப் பால் கறக்க எழுந்த பெரியம்மாவுக்குக் குளத்துப் பக்கம் வித்தியாசமாகச் சத்தம் கேட்டிருக்கிறது. "கொதிக்கிற உலை மாதிரி கேட்டுச்சு தம்பி" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், நீர்ப்பரப்பு முழுக்க வட்ட வட்டமாக வாய்கள்.

ஐந்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். கட்லாக்கள் உடம்பைச் சாய்த்து, வாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டியபடி காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. கரையில் நான் நடந்த அதிர்வுக்கு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மற்ற நாளில் நிழல் விழுந்தாலே ஓடும் மீன்கள் அவை. முந்தின நாள் கெட்டிப் பச்சையாக இருந்த தண்ணீர் பழுப்பாக மாறியிருந்தது. உயிர்வளி லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். கெண்டை வகைகளுக்கு 4, 5 மில்லிகிராமாவது வேண்டும்.

வீட்டுப் பையன் செத்த மீன்களை எடுக்கக் குளத்தில் இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நடக்க நடக்க அடிச்சேறு கருமையாகக் கிளம்பியது. அழுகிய முட்டை வாடை கரை வரை அடித்தது. அவன் நடந்த தடத்தில் இருந்த மீன்கள் பத்து நிமிடத்துக்குள் மல்லாந்தன. ஏறி வரச் சொல்லிக் கத்தினேன்.

நஞ்சா, மூச்சுத் திணறலா

இதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்துக் கொல்லையில் கோடைப் பருத்தி. இரண்டு நாள் முன்பு அங்கே மருந்து அடித்திருந்தார்கள். வாய்க்கால் வரப்பு பற்றி இரு வீட்டுக்கும் பழைய மனக்கசப்பு உண்டு. "அவன்தான் மருந்தக் கலந்துட்டான்" என்று பெரியவர் கையில் தடியோடு வேலிப் பக்கம் போனார்.

நான் அவரைக் கூட்டி வந்து மூன்று விஷயங்களைக் காட்டினேன். கரையோரம் விரால்கள் உயிரோடு இருந்தன. அவை மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. தண்ணீரில் உயிர்வளி தீர்ந்தாலும் தாங்கும், பூச்சிமருந்தைத் தாங்காது. தவளைகளும் நீர்மேல் ஓடும் பூச்சிகளும் வழக்கம்போலத் திரிந்தன. பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் முதலில் போவது அந்தப் பூச்சிகள்தாம். கடைசியாக, செத்துக் கிடந்தவற்றில் பெரும்பாலானவை பெரிய மீன்கள், குறிப்பாகக் கட்லா. வாய் திறந்து, செவுள் விரிந்து கிடந்தன. மூச்சுத் திணறலில் பெரியது முந்தும். நஞ்சில் பொதுவாகச் சின்னதும் பெரியதும் சேர்ந்தே போகும்.

அவர் தடியைக் கீழே போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். எங்கள் பகுதியில் குளத்து மீன் செத்து மிதந்தால் 'எவனோ மருந்து வைத்துவிட்டான்' என்றுதான் முதலில் பேச்சு எழும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் கோடைமழைக்கு மறுநாள் விடிகாலையில் சாகும் மீன்களுக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு சண்டை மூளுமுன் விரால் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். மூன்று நாள் மூட்டத்தில் பாசிக்கு வெயில் இல்லை. உயிர்வளியை உண்டாக்குவது குறைந்தது, செலவு குறையவில்லை. பாசியில் ஒரு பகுதி செத்து அழுகத் தொடங்கியது. கோடையில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் சற்றுக் குளிர்ந்தும் தனித்தனியே நிற்கும். குளிர்ந்த மழைநீர் இறங்கியதும் இரண்டும் கலந்தன. உயிர்வளி இல்லாமல் கிடந்த அடித் தண்ணீரும், ஐப்பசியிலிருந்து சேர்ந்த சாணியும், தின்னாத தீனியும் ஒரே இரவில் மேலே வந்துவிட்டன. அதே மழை கொட்டகைக் கழிவையும் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தது.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை காற்று. 1 குதிரைத்திறன் மோட்டாரின் உறிஞ்சு குழாயை அடிச்சேற்றில் படாமல் நீர்மட்டத்திலிருந்து ஓர் அடிக்குக் கீழே கட்டினோம். வெளியேற்றும் குழாயில் வரிசையாகத் துளை போட்டு, கரையோரம் உயரத்தில் வைத்து, குளத்துத் தண்ணீரையே பூத்தூறலாகக் குளத்தில் விழவைத்தோம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் விட்டோம். நேராகக் குழாயைக் குளத்துக்குள் விட எடுத்தார்கள், தடுத்தேன். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவு. மூங்கில் சாத்தி அதன்மேல் நாலைந்து தென்னங்கீற்றைப் பரப்பி, அதன் மேல் விழவிட்டோம். கீற்றில் சிதறி ஆயிரம் சொட்டாக இறங்கியது. அந்த மூலையில்தான் மீன்கள் முதலில் கூடின. ஏழு மணிக்குள் அங்கே இருநூறு மீனாவது நெருக்கிக்கொண்டு நின்றிருக்கும்.

பெரியவர் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கி வந்தார். "மார்கழியில இதுதானே காப்பாத்துச்சு?" வேண்டாம் என்றேன். மார்கழிக் குளம் மழைநீரால் காரம் குறைந்து கிடந்தது. இது சித்திரையில் ஏற்கெனவே 9 காட்டிய குளம். வெயில் வந்தால் திரும்ப ஏறும். அழுகலால் அம்மோனியா நிறைய இருக்கும் நேரத்தில் காரமும் சூடும் ஏறினால், அந்த அம்மோனியாவே மீனுக்கு நஞ்சாகும். அவர் அரை மனதோடு மூட்டையை இறக்கினார். மறுநாள் சொட்டு மருந்தில் நிறம் மாறுவதைக் காட்டிய பிறகுதான் அவருக்குச் சமாதானம் ஆயிற்று.

தீனி ஐந்து நாளைக்கு அறவே இல்லை. சாணி, எரு எதுவும் இல்லை. கொட்டகை நீர் குளத்துக்கு வராமல் அன்றைக்கே மண்வெட்டியால் ஒரு சால் இழுத்துத் தென்னைப் பக்கம் திருப்பினோம். செத்தவற்றைக் கரையிலிருந்தே நீளக் கைவலையால் எடுத்துத் தென்னை மூட்டில் ஆழமாகப் புதைத்தோம். 'உயிரோட இருக்கிறதையாவது இப்பவே வலை போட்டுப் பிடிச்சிடலாம்' என்று சிலர் சொன்னார்கள். அந்த நிலையில் இழுவலை இழுத்தால் சேறு கிளம்பி மிச்சமும் போயிருக்கும். காத்திருக்க முடிவு செய்தோம்.

முதல் நாள் 58, இரண்டாம் நாள் 13, ஆக 71 மீன் செத்தது. ஏறத்தாழ 30 கிலோ. மூன்றாம் நாள் வெயில் நன்றாக ஏறி மீன்கள் கீழே இறங்கிய பிறகு, ஒன்பது மணிக்கு ஒரே ஓர் இழுப்பு இழுத்தோம். 90 மீன், 34 கிலோ. தெருவிலேயே விற்றுப்போயிற்று. நெருக்கடி குறைந்ததும் குளத்துக்கு மூச்சு வந்தது. அடுத்த பதினைந்து நாள் இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை மோட்டாரை ஓட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை.

பிறகு

ஆடித் தொடக்கத்தில், புதுத் தண்ணீர் வருமுன் குளத்தை வற்றவைத்தார்கள். 112 மீன், 54 கிலோ. மார்கழியில் செத்தவை முதல் எல்லாவற்றையும் கூட்டினால் 295. மீதி 105 குஞ்சுகள் எங்கே போயின என்பதற்கு நீர்க்காகத்தையும் தண்ணீர்ப் பாம்பையும் காட்டலாம். விடும்போதே எண்ணி விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வற்றிய குளத்தில் சேறு முழங்கால் வரை இருந்தது. மேல் நான்கு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. அதை வழித்துத் தென்னைக்குப் போட்டார்கள். பதினைந்து நாள் வெயிலில் தரை வெடிக்கும் வரை காயவிட்டார்கள். அடியை இன்னும் ஒன்றரை அடி ஆழப்படுத்தினார்கள். காய்ந்த தரையில் சுண்ணாம்பு தூவினோம். மூட்டையைப் பெரியவரே பிரித்தார்.

மாற்றியவை

இரண்டாம் ஆண்டு குஞ்சு 100 மட்டும், எண்ணி விட்டது. குறைத்ததில் வீட்டில் வருத்தம் இருந்தது. குளம் எத்தனை மீனைத் தாங்கும் என்பதை வைகாசியின் இரண்டரை அடித் தண்ணீரை வைத்துக் கணக்கிட வேண்டும், ஆவணியின் 5 அடியை வைத்து அல்ல. இதைச் சொன்ன பிறகு யாரும் பேசவில்லை.

கொட்டகைச் சால் நிரந்தரமாயிற்று. ஐப்பசிக்கு முன்பும் மழை விட்ட பிறகும் சுண்ணாம்பு, சித்திரை வைகாசியில் பச்சை கெட்டியானால் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் விடும் இடத்தில் கொசுவலை கட்டியதால் விரால் குஞ்சு உள்ளே வரவில்லை. குளத்தின் நடுவில் அடிக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் நட்டிருக்கிறது. மூன்றரை அடிக்குக் கீழே போனால் தென்னைக்கு இறைப்பதில்லை. மாதம் ஒரு முறை வீச்சு வலையில் பத்து மீனைப் பிடித்து எடை போட்டுத் தீனியைக் கணக்கிடுகிறார்கள். மேகம் மூடினால் அன்று தீனி இல்லை.

என் பக்கத்தில் மாற்றியது ஒன்று. கோடையில் யார் குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டாலும் இப்போது விடியுமுன்தான் போகிறேன்.

இரண்டாம் கோடை

மாசிக் கடைசியில் 30 மீன்களைப் பிடித்துவிட்டார்கள். கத்திரி வெயில் நாட்களில் பெரியம்மா பால் கறக்கப் போகுமுன் டார்ச்சோடு குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். இரண்டு விடிகாலைகளில் பத்துப் பதினைந்து கட்லா மேலே வந்து நின்றன. இரண்டு முறையும் கோடைமழைக்கு மறுநாள். டார்ச் பட்டதும் உள்ளே இறங்கிவிட்டன, அப்படியும் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார். இரண்டாம் முறை எனக்கும் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கீற்றின் மேல் தண்ணீர் சிதறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பருத்திக் கொல்லைக்காரரும் எட்டிப் பார்த்து, "மீனுங்க எப்படிண்ணே இருக்கு?" என்று பெரியவரிடம் கேட்டார்.

அந்தக் கோடையில் ஒரு மீனும் சாகவில்லை. ஆனிக் கடைசியில் பிடித்தபோது 52 மீன், 41 கிலோ.